ரஷ்ய மொழியும் உக்ரைனிய மொழியும்: தாய் மகளா, அக்கா தங்கையா?

மாஸ்கோவில் ஒரு கடையில் சர்க்கரைப் பொட்டலத்தை எடுத்துப் பார்த்தால் ‘ஸாஃகர்’ என்று போட்டிருக்கும். கீவ் நகரத்துக் கடையில் அதே பொட்டலத்தின் மேல் ‘ட்ஸுக்கொர்’ என்று இருக்கும். இரண்டுமே இந்தியாவிலிருந்து கிளம்பிப் போன சொற்கள். நம் ‘சர்க்கரை’க்கு உறவுக்காரர்கள். ரஷ்ய மொழிக்கு அந்தச் சொல் கிரேக்கம் வழியாகக் கிடைத்தது. உக்ரைனிய மொழிக்கு அது பாரசீகம், அரபி, இத்தாலியம், ஜெர்மன், போலிஷ் என்று கைமாறிக் கைமாறி வந்து சேர்ந்தது. எந்தச் சொல்லை யாரிடமிருந்து வாங்கினார்கள் என்று பார்த்துக்கொண்டே போனால், இந்த இரண்டு மொழிகளின் வரலாறும் முக்கால்வாசி விளங்கிவிடும்.

உக்ரைன்காரர்கள் பேசுவது ரஷ்ய மொழியின் வட்டார வழக்குதானே, கொங்குத் தமிழ், நெல்லைத் தமிழ் மாதிரி என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது தவறு. கோயம்புத்தூர்க்காரரும் திருநெல்வேலிக்காரரும் ஒரே செய்தித்தாளைப் படிக்கிறார்கள். எழுதும்போது ஒரே இலக்கணத்தைப் பின்பற்றுகிறார்கள். ரஷ்ய மொழிக்கும் உக்ரைனிய மொழிக்கும் தனித்தனி நெடுங்கணக்கு, தனித்தனி இலக்கணம், தனித்தனி அகராதி. ஒன்றிலிருந்து மற்றது கிளைத்ததும் இல்லை. இரண்டும் ஒரே தாயின் பிள்ளைகள். மூன்றாவதாக பெலரூஸிய மொழி என்று இன்னொரு சகோதரியும் உண்டு.

அந்தத் தாய், கீவைத் தலைநகராகக் கொண்ட ‘ரூஸ்’ என்ற பழைய அரசின் காலத்துப் பேச்சுமொழி. மொழியியலில் அதைப் பழைய கிழக்கு ஸ்லாவியம் என்பார்கள். (ஸ்லாவ் என்பது ரஷ்யம், போலிஷ், பல்கேரியம் முதலிய மொழிகள் சேர்ந்த குடும்பத்தின் பெயர்.) 988-இல் அந்த அரசு கிறிஸ்தவத்தைத் தழுவியபோது, வழிபாட்டு நூல்களோடு இன்னொரு மொழியும் உள்ளே வந்தது. அது திருச்சபை ஸ்லாவியம். பல்கேரியா, மாசிடோனியா பக்கத்துப் பேச்சை அடிப்படையாகக் கொண்ட, தெற்கத்தி ஸ்லாவ் மொழி. மக்கள் பேசியது ஒன்று, கோயிலில் ஓதியது இன்னொன்று. இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

1240-இல் மங்கோலியர் கீவைத் தகர்த்தார்கள். அதன் பிறகு வடகிழக்குப் பகுதி மெல்ல மாஸ்கோவின் கைக்குப் போனது. தென்மேற்குப் பகுதி லித்துவேனியாவின் கீழும், 1569-இல் லுப்ளின் ஒப்பந்தத்துக்குப் பிறகு போலந்தின் கீழும் இருந்தது. மேற்குக் கோடியிலிருந்த கலீசியா 1772 முதல் 1918 வரை ஆஸ்திரியாவிடம் இருந்தது. கீவும் மாஸ்கோவும் ஒரே ஆட்சியின் கீழ் மறுபடி வந்தது 17-ஆம் நூற்றாண்டில்தான். இடைப்பட்ட நானூறு ஆண்டுகளில் இரண்டு பக்கமும் வெவ்வேறு மன்றங்கள், வெவ்வேறு சந்தைகள், வெவ்வேறு பள்ளிக்கூடங்கள். பேச்சு பிரியாமல் எப்படி இருக்கும்?

“சரி, அப்படியென்றால் உக்ரைனிய மொழி என்பது ரஷ்ய மொழியில் போலிஷ் கலந்தது” என்று அடுத்த விளக்கம் வரும். இதைச் சோதிக்க ஒரு பூனை போதும். பூனைக்கு ரஷ்ய மொழியில் ‘கொத்’. போலிஷிலும் ‘கொத்’. உக்ரைனியத்தில் ‘கித்’. கால் என்பதற்கு இரண்டு மொழியிலும் ‘நொகா’ என்று அழுத்தமான க, உக்ரைனியத்தில் ‘நொஹா’. இரண்டையும் கலந்து செய்த கலவையில், அந்த இரண்டிலும் இல்லாத ஒன்று எங்கிருந்து வந்தது? உக்ரைனிய மொழி தன் ஒலிகளைத் தானே மாற்றிக்கொண்டு வளர்ந்தது. போலிஷிலிருந்து நிறையச் சொற்களைக் கடன் வாங்கியது உண்மைதான். கடன் வாங்கினால் பிள்ளை வேறு வீட்டுப் பிள்ளை ஆகிவிடாது.

ஒரே பெயர், இரண்டு உச்சரிப்பு

ரஷ்ய அதிபரின் பெயர் விளாதிமிர். உக்ரைன் அதிபரின் பெயர் வொலொதிமிர். இரண்டும் ஒரே பெயர். இதில் கவனிக்க வேண்டியது, எந்த வடிவம் நாட்டுவடிவம் என்பது. கிழக்கு ஸ்லாவ் மக்களின் இயல்பான பேச்சில், இரு மெய்களுக்கு நடுவே வரும் ‘ல’, ‘ர’ ஒலிகளின் இருபுறமும் உயிர் ஒலி நிற்கும்: ‘ஒலொ’, ‘ஒரொ’, ‘எரெ’. திருச்சபை ஸ்லாவியத்தில் அதே இடத்தில் ‘லா’, ‘ரா’ என்று சுருக்கமாக வரும். ஆக ‘வொலொ’ என்பது மண்ணின் வடிவம். ‘விளா’ என்பது கோயில் மொழியிலிருந்து வந்த வடிவம். இந்தப் பெயரில் பழைய கிழக்கத்தி உருவத்தைக் காப்பாற்றி வைத்திருப்பது உக்ரைனிய மொழி.

ரஷ்ய மொழி இரண்டு அடுக்கையும் சேர்த்தே வைத்துக்கொண்டது. நகரம் என்பதற்கு ‘கொரொத்’ என்பார்கள். ஆனால் ஊர்ப்பெயர் என்று வந்தால் வொல்கொகிராத், 1991 வரை இருந்த லெனின்கிராத். உடம்பிலுள்ள தலை ‘கொலொவா’. நூலின் அத்தியாயமும் ஓர் அமைப்பின் தலைமையும் ‘கிளாவா’. பக்கம் ‘ஸ்தொரொனா’, நாடு ‘ஸ்திரானா’. நாம் ‘தலை’ என்றும் ‘சிரம்’ என்றும் இரண்டு சொல்லை வைத்துக்கொண்டு, ஒன்றை வீட்டிலும் மற்றதை மேடையிலும் பயன்படுத்துகிறோமே, அதே ஏற்பாடு. (இந்தச் சொற்களை எழுத்துப்படி தந்திருக்கிறேன், ரஷ்யர் வாயில் சில ‘ஒ’க்கள் ‘அ’ ஆகும். அது கீழே வருகிறது.)

உக்ரைனிய இலக்கிய மொழி இதற்கு நேர்மாறான வழியில் எழுந்தது. 1798-இல் முதன்முதலாக அச்சான ‘எனெயிதா’ என்ற நகைச்சுவைக் காவியத்தை எழுதியபோது, இவான் கொத்லியரெவ்ஸ்கி கோயில் மொழியை ஒதுக்கிவிட்டு உக்ரைனின் பொல்தாவா பக்கத்து மக்கள் பேச்சையே எடுத்துக்கொண்டார். அதன் மேல் கட்டப்பட்டதுதான் இன்றைய உக்ரைனிய எழுத்துமொழி. அதனால் அதில் திருச்சபை ஸ்லாவியத்தின் சாயல் மிகக் குறைவு. காலம் என்பதற்கு ரஷ்ய மொழி ‘விரெம்யா’ என்ற கோயில் சொல்லை வைத்திருக்கிறது. உக்ரைனியம் ‘சாஸ்’ என்கிறது.

காதில் எப்படிப் பிரித்தறிவது

முதலில் ‘ஒ’. ரஷ்ய மொழியில் அழுத்தம் விழாத ‘ஒ’ எல்லாம் ‘அ’ ஆகிவிடும். பாலுக்கான சொல்லை இரண்டு மொழியிலும் ஒரே மாதிரிதான் எழுதுகிறார்கள். ரஷ்யர் ‘மலக்கோ’ என்பார். உக்ரைனியர் ‘மொலொக்கோ’ என்று மூன்று ஒகரத்தையும் முழுசாகச் சொல்வார். மாஸ்கோவை மாஸ்கோக்காரர் ‘மஸ்க்வா’ என்பதும், உக்ரைனியர் ‘மொஸ்க்வா’ என்பதும் இதே காரணத்தால்தான்.

அடுத்தது ‘க’வும் ‘ஹ’வும். ஒரே எழுத்தை ரஷ்யர் ‘தங்கம்’ என்பதில் வரும் க போல ஒலிப்பார். உக்ரைனியர் அதைத் தொண்டையிலிருந்து அதிரும் ஹ ஆக்கிவிடுவார். ‘பகை’, ‘அகம்’ என்று வேகமாகச் சொல்லும்போது நம் வாயில் க இளகுமே, அதற்கு மிக அருகில் இருக்கும். பொல்தாவா பகுதியில் 1809-இல் பிறந்து ரஷ்ய மொழியில் எழுதிய கோகோலின் பெயரை உக்ரைனியர் ‘ஹோஹோல்’ என்பார்கள். எழுத்து ஒன்றுதான். அழுத்தமான க-வுக்கு உக்ரைனியத்தில் தனி எழுத்து உண்டு. வழக்கமான எழுத்தின் நுனி மேல்நோக்கிச் சற்று வளைந்திருக்கும். 1933-இல் சோவியத் எழுத்துச் சீர்திருத்தத்தில் அதை நெடுங்கணக்கிலிருந்தே நீக்கினார்கள். 1990-இல் திரும்பி வந்தது. ஒரு மொழியின் ஒலிக்கு இருந்த ஒரே எழுத்தைப் பிடுங்கிவிட்டு, இரண்டு மொழியும் ஒன்றுபோலத்தானே இருக்கிறது என்று சொல்வது நியாயமாகாது.

மூன்றாவது, பூனையில் பார்த்த இகரம். இதற்கு ஒரு தெளிவான விதி இருக்கிறது. பழைய ‘ஒ’ அல்லது ‘எ’, மெய்யில் முடியும் அசைக்குள் இருந்தால் உக்ரைனியத்தில் ‘இ’ ஆகும். பின்னால் உயிர் வந்து அசை திறந்துவிட்டால் பழைய ஒலி திரும்பிவிடும். ‘கித்’ என்றால் பூனை. ‘பூனையின்’ என்று வேற்றுமை ஏற்றினால் ‘கொதா’. ‘ஸ்தில்’ மேசை, ‘மேசையின்’ என்றால் ‘ஸ்தொலா’. ஊர்ப்பெயர்களிலும் இதுதான். ரஷ்ய மொழியில் ‘லிவோவ்’. உக்ரைனியத்தில் ‘லிவிவ்’, ஆனால் ‘லிவிவின்’ என்பதற்கு ‘லிவோவா’. கார்கோவ் கார்கிவ் ஆனதும் இந்த விதியால்தான். யாரோ பெயரை மாற்றியதால் அல்ல.

சொல்லின் கடைசி மெய்யையும் கேளுங்கள். கருவாலி மரத்துக்கு இரண்டு மொழியிலும் ஒரே எழுத்துகள். ரஷ்யர் சொன்னால் ‘கப்பு’ என்பதில் வரும் ப போல வறண்டு முடியும். உக்ரைனியர் சொன்னால் ‘அம்பு’வின் ப போல அதிர்வோடு முடியும். பீட்ரூட் சூப்பின் பெயரை ரஷ்யர் ‘போர்ஷ்’ என்று நீட்டி முடிப்பார். உக்ரைனியர் ‘போர்ஷ்ச்’ என்று கடைசியில் ஒரு ச-வையும் சேர்ப்பார்.

2022-இல் உலகமெங்கும் செய்திகளில் அடிபட்ட ஒரு சொல் ‘பல்யனிட்ஸ்யா’. அது ஒரு வட்டமான கோதுமை ரொட்டி. ஒருவர் உக்ரைனிய மொழியோடு வளர்ந்தவரா என்று தெரிந்துகொள்ள இதைச் சொல்லச் சொன்னார்கள். இதில் அப்படி என்ன சிரமம்? இந்த மொழிகளில் பல மெய்களுக்கு வன்மை, மென்மை என்று இரண்டு நிலை உண்டு. நாக்கின் நடுப்பகுதி அண்ணத்தை நோக்கி எழுந்தால் மென்மை. உக்ரைனியச் சொல்லில் ‘னி’ வன்மை, அதற்கடுத்த ‘ட்ஸ்யா’ மென்மை. ரஷ்ய மொழியின் பழக்கத்தில் இகரத்துக்கு முன் வரும் ன கட்டாயம் மென்மையாகும். ‘ட்ஸ’ எப்போதுமே வன்மைதான். ஆக, ரஷ்ய மொழி மட்டுமே பழகிய நாக்கு இரண்டு மெய்களையும் சரியாக இடம் மாற்றி ஒலித்துவிடும். எழுத்தில் தெரியாத வேறுபாடு இது. காதில் உடனே தெரியும்.

பலகையைப் பார்த்தே சொல்லிவிடலாம்

இரண்டு நெடுங்கணக்கிலும் 33 எழுத்துகள். அவற்றில் 29 பொது. நான்கு உக்ரைனியத்துக்கு மட்டும், நான்கு ரஷ்ய மொழிக்கு மட்டும். எதிரே ஒரு பக்கம் அச்சிட்ட தாள் இருந்தால் இப்படிப் பாருங்கள்.

தலையில் ஒரு புள்ளியோடு நிற்கும் குச்சி எழுத்து இருந்தால், அது ரஷ்ய மொழி இல்லை. (1918 வரை ரஷ்ய மொழியிலும் அது இருந்தது, பழைய புத்தகங்களில் மட்டும் ஏமாற வேண்டாம்.) குச்சியின் தலையில் இரட்டைப் புள்ளி இருந்தால் சந்தேகமே வேண்டாம், உக்ரைனியம். பிறை போல வளைந்து நடுவில் கோடு போட்ட எழுத்து வலப்பக்கம் வாய் திறந்திருந்தால் உக்ரைனியம், இடப்பக்கம் திறந்திருந்தால் ரஷ்யன். ஆங்கிலச் சிறிய ‘b’ போன்ற வடிவும் பக்கத்தில் ஒரு குச்சியும் சேர்ந்து ஒரே எழுத்தாக நின்றால் ரஷ்யன். சொல்லுக்கு நடுவில் மேற்கோள் குறிபோல ஒற்றைக் காற்புள்ளி தொங்கினால் உக்ரைனியம். ரஷ்ய மொழி அந்த இடத்தில் வன்மைக்குறி எழுத்தைப் போடும்.

புள்ளி வைத்த குச்சியும், அந்த ‘b-குச்சி’யும் ஒரே பக்கத்தில் இரண்டுமே இருந்தால் குழம்ப வேண்டாம். அது பெலரூஸியம்.

சின்னப் பலகைகளில் இந்த வழி உதவாது. ‘அப்தேக்கா’ (மருந்துக்கடை), ‘பாங்க்’, ‘தெயாத்ர்’ எல்லாம் இரண்டிலும் ஒரே எழுத்துகள்தான். குறைந்தது இரண்டு மூன்று வரி வேண்டும். இன்னொரு சிக்கல், பொது எழுத்துகளிலேயே சில ஒலி மாறுபவை. ரஷ்ய மொழி படித்தவர் ஒரு குறிப்பிட்ட எழுத்தை ‘யெ’ என்று வாசித்துப் பழகியிருப்பார். உக்ரைனியத்தில் அது வெறும் ‘எ’. ‘என்னை’ என்பதற்கான ‘மெனெ’வை அவர் ‘ம்யென்யெ’ என்று படிப்பார். ரஷ்ய மொழியிலிருந்து வருபவர்கள் செய்யும் முதல் பிழை இதுதான். இது போக மாதக்கணக்கில் ஆகும்.

இலக்கணம்: எலும்புக்கூடு ஒன்றுதான்

இந்தப் பகுதியில் இரண்டு மொழிகளும் மிக நெருக்கம். மூன்று பால், வேற்றுமை உருபுகள், வினையில் முற்றிய நிலை, முற்றாத நிலை என்ற இரட்டைப் பகுப்பு எல்லாம் பொது. வேறுபாடுகளில் தமிழருக்கு உடனே பிடிபடுவது விளி வேற்றுமை. நம் இலக்கணம் எட்டாம் வேற்றுமையாக விளியை வைத்து, முருகனை ‘முருகா’ என்று அழைக்கச் சொல்கிறது. உக்ரைனிய இலக்கணம் அதை ஏழாவதாக வைத்திருக்கிறது: இவான் என்பவரை அழைத்தால் ‘இவானெ’, ஒலெனாவை அழைத்தால் ‘ஒலெனொ’, அம்மாவை ‘மாமொ’. ரஷ்ய மொழியில் ஆறு வேற்றுமைகள்தான். பழைய விளி, ‘கடவுளே’ என்பது போன்ற சில சொற்களில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

எதிர்காலத்தில் ஒரு வித்தியாசம். ‘வாசிப்பேன்’ என்பதை ரஷ்யர் இரண்டு சொல்லாக ‘புதூ சிதாத்’ என்பார்; உக்ரைனியர் அப்படியும் சொல்லலாம், ‘சிதாத்திமு’ என்று ஒரே சொல்லாகவும் சொல்லலாம். ‘என்னிடம் இருக்கிறது’ என்று நாம் சொல்வதுபோலவே இரண்டு மொழியிலும் வாக்கியம் உண்டு; உக்ரைனியத்தில் ‘யா மாயு’ என்று நேரடியாகச் சொல்லும் வழியும் தாராளமாகப் புழங்குகிறது.

சொற்கள்: இங்கேதான் தடுக்கி விழுவார்கள்

உக்ரைனிய மொழியியலாளர் கொஸ்தியாந்தின் திஷ்சென்கோவின் கணக்கு அடிக்கடி எடுத்துக்காட்டப்படும்: உக்ரைனியச் சொற்களில் பெலரூஸியத்தோடு பொதுவானவை 84 விழுக்காடு, போலிஷோடு 70, ரஷ்ய மொழியோடு 62. எந்தச் சொற்பட்டியலை எடுத்து எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்து இத்தகைய எண்கள் மாறும். ஆனால் சொல்வளத்தில் உக்ரைனியம் ரஷ்ய மொழியைவிடப் போலிஷுக்கு நெருக்கம் என்பது நன்றாகத் தெரிகிறது. நன்றிக்கு ‘த்யாக்குயு’, கூரைக்கு ‘தாஹ்’, சாயத்துக்கு ‘ஃபார்பா’, காகிதத்துக்கு ‘பப்பீர்’. ரஷ்ய மொழியில் இவை முறையே ‘ஸ்பஸீபா’, ‘க்ரீஷா’, ‘க்ராஸ்கா’, ‘புமாகா’. ஒன்றுக்கொன்று ஒட்டே இல்லை.

முற்றிலும் வேறான சொல்லால் தொல்லை இல்லை. தெரியவில்லை என்று அகராதியைப் பார்ப்போம். ஒரே மாதிரி ஒலித்து வேறு பொருள் தரும் சொல்தான் ஆளைக் கவிழ்க்கும். ‘நெதேல்யா’ ரஷ்ய மொழியில் வாரம். ‘நெதில்யா’ உக்ரைனியத்தில் ஞாயிற்றுக்கிழமை. ரஷ்ய மொழி மட்டும் தெரிந்த ஒருவர், ‘நெதில்யா விடுமுறை’ என்ற கடைப் பலகையைப் பார்த்தால் வாரம் முழுக்கக் கடை கிடையாது என்று திரும்பிப் போய்விடலாம். ‘சாஸ்’ அங்கே (ரஷ்ய மொழியில்) ஒரு மணி நேரம், இங்கே (உக்ரைனியத்தில்) காலம். ‘ரொதினா’ அங்கே தாய்நாடு, இங்கே குடும்பம். ‘லூனா’ அங்கே நிலா, இங்கே எதிரொலி. ‘லிஸ்த்’ அங்கே இலை, இங்கே கடிதம். ‘ஒராத்’ என்று ரஷ்யர் சொன்னால் கத்துவது. ‘ஒராதி’ என்று உக்ரைனிய விவசாயி சொன்னால் உழுவது.

மாதப் பெயர்களையும் தனியாகக் கற்றாக வேண்டும். ரஷ்ய மொழி லத்தீன் பெயர்களையே வைத்திருப்பதால் ‘யன்வார்’, ‘ஃபெவ்ரால்’ என்றால் நமக்கும் புரியும். உக்ரைனிய மாதங்கள் வயலையும் காட்டையும் பார்த்து வைத்த பெயர்கள். பிப்ரவரி ‘லூதி’, கொடியது என்று பொருள், குளிர் அப்படி. ஏப்ரல் ‘க்வித்தென்’, பூவிலிருந்து வந்தது. ஜூலை ‘லிப்பென்’, லிண்டன் மரம் பூக்கும் மாதம். ஆகஸ்டு ‘செர்பென்’, அரிவாள் என்ற சொல்லிலிருந்து. நவம்பர் ‘லிஸ்தொபாத்’, இலையுதிர்வு. இவ்வளவு அழகான பெயர்களைப் பரீட்சைக்காக மட்டும் மனப்பாடம் செய்யாமல், அந்த ஊரின் பருவத்தோடு சேர்த்து நினைவில் வைத்தால் ஒரு நாளில் படிந்துவிடும்.

யாருக்கு யார் பேசுவது புரியும்

ஒரு வழிப் பாதை இது. உக்ரைனியர் பெரும்பாலோருக்கு ரஷ்ய மொழி புரியும். உக்ரைனியத்தைக் கேட்டே இராத ரஷ்யருக்கு, வேகமாகப் பேசும் உக்ரைனியம் பாதிகூடப் பிடிபடாது. காரணம் மொழி அமைப்பில் இல்லை, பழக்கத்தில் இருக்கிறது. சோவியத் காலத்தில் உயர்கல்வி, ராணுவம், தொலைக்காட்சி எல்லாவற்றிலும் ரஷ்ய மொழி முன்னால் நின்றது. 2001 கணக்கெடுப்பில் உக்ரைன் மக்களில் 67.5 விழுக்காட்டினர் உக்ரைனியத்தையும் 29.6 விழுக்காட்டினர் ரஷ்ய மொழியையும் தாய்மொழியாகச் சொன்னார்கள்; ஆனால் இரண்டையும் புழங்கியவர்கள் இதைவிட மிக அதிகம். மருத்துவம் படிக்கத் தமிழ்நாட்டிலிருந்து கார்கிவ் போன மாணவர்கள், அரசுப் பலகைகளில் ஒரு மொழியையும் கடைத்தெருவில் இன்னொரு மொழியையும் சந்தித்தது இதனால்தான். இரண்டும் கலந்த பேச்சுக்கு ‘ஸூர்ஜிக்’ என்று பெயர். பல தானியம் கலந்து அரைத்த மாவுக்கான சொல் அது.

வட்டார வழக்கு என்ற பேச்சு எங்கிருந்து வந்தது என்பதற்கும் ஆவணம் இருக்கிறது. 1863-இல் ரஷ்யப் பேரரசின் உள்துறை அமைச்சர் வலூயெவ் அனுப்பிய சுற்றறிக்கை, தனியாக ஒரு ‘சின்ன ரஷ்ய’ மொழி (உக்ரைனியத்துக்கு அன்றைய அரசு வைத்திருந்த பெயர்) இருந்ததில்லை, இல்லை, இருக்கவும் முடியாது என்ற கருத்தை எடுத்துச் சொல்லி, சமய நூல்களும் பள்ளி நூல்களும் அதில் அச்சாவதைத் தடுத்தது. 1876-இல் எம்ஸ் ஆணை அதை இன்னும் இறுக்கியது. வெளிநாட்டிலிருந்து புத்தகம் கொண்டுவருவதும் மேடையில் நாடகம் போடுவதும்கூடத் தடை. இல்லாத மொழிக்கு எதற்குத் தடை என்ற கேள்வி எழாமல் இந்த ஆணைகளைப் படிக்க முடியாது. அந்த ஆண்டுகளில் உக்ரைனியப் புத்தகங்கள் ஆஸ்திரியாவின் கீழிருந்த லிவிவில் அச்சாயின. 1989-இல் உக்ரைனியம் ஆட்சிமொழியானது. 1996 அரசியல் சாசனத்தின் பத்தாம் பிரிவு அதை உறுதிசெய்தது. 2019 சட்டம் அலுவலகம், கடை, பள்ளி என்று புழக்கத்துக்குக் கொண்டுவந்தது.

தமிழில் பெயர் எழுதும்போது

உக்ரைனிலுள்ள ஊரென்றால் உக்ரைனிய வடிவத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: கார்கிவ், லிவிவ், மிக்கொலாயிவ், தினிப்ரோ. பழைய மொழிபெயர்ப்புகளில் இவை கார்கோவ், லிவோவ், நிக்கொலாயெவ், தினெப்ரொபெத்ரோவ்ஸ்க் என்று இருக்கும். ஆட்பெயரில் நிக்கொலாய் மிக்கொலா ஆகும், அலெக்ஸாந்தர் ஒலெக்ஸாந்தர் ஆகும், யெலெனா ஒலெனா ஆகும்.

‘ஓவ்’ என்பதையெல்லாம் ‘இவ்’ என்று மாற்றிக்கொண்டே போய்விடக் கூடாது. ரஷ்யாவிலுள்ள ரொஸ்தோவ் உக்ரைனியத்திலும் ரொஸ்தோவ்தான். இவனோவ் என்ற குடும்பப் பெயர் கொண்டவர் கீவில் பிறந்து வளர்ந்திருந்தாலும் இவனோவ்தான். ‘பவ்லிவ்’, ‘கொவலிவ்’ போன்றவை தனி உக்ரைனியக் குடும்பப் பெயர்கள். உக்ரைன்காரர் ஒருவர் தன் பெயரை ரஷ்ய வடிவத்தில் சொல்லிக்கொண்டால் அப்படியே எழுதுங்கள்.